நாற்பத்தோராவது முடிச்சில் ஒரு மிளகு

சுண்ணாம்புமேட்டில் பொழுது விடிவது அன்னாளின் கையில் இருந்தது. வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தின் மேற்கு ஓரத்தில், சவுக்குத் தோப்புக்கும் மணிலாக்கொட்டைக் கொல்லைக்கும் நடுவே எழுபது வீடு உள்ள ஊர் அது. பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், பாதிப் பேர் இந்துக்கள். ஐந்தரை மணிக்கு அன்னாள் மோட்டார் சுவிட்சைப் போட்டால் ஆறரைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். அதற்கப்புறம்தான் அடுப்பு, குளியல், திருபுவனை கம்பெனி பஸ் எல்லாம். பத்தொன்பது வருடத்தில் அவள் அந்த சுவிட்சைப் போடாத நாட்கள் மிகக் குறைவு. அம்மா செத்த அன்று போடவில்லை. புயலில் கரண்ட் கம்பம் சாய்ந்த நாலு நாளும், டெங்கு வந்து படுத்த ஒரு வாரமும் போடவில்லை. அந்த வாரத்திலும் கட்டிலில் கிடந்தபடி, "தொட்டி நெறஞ்சிடுச்சா? வழியுதா பாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஐந்தாம் வகுப்போடு அவளுடைய படிப்பு நின்றுபோனது. ஆனாலும் எண்கள் நன்றாக வரும், எழுத்தும் கோணாமல் வரும். காலையில் ஒரு செபமாலை, மாலையில் ஒரு செபமாலை. யாரிடமும் குரல் உயர்த்திப் பேசமாட்டாள். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்று அவள் கணவர் சூசைநாதன் எல்லாரிடமும் சொல்லுவார். பெருமையாகச் சொல்கிறாரா, குறையாகச் சொல்கிறாரா என்று யாருக்கும் விளங்காது.

ஊருக்குத் தண்ணீர் தரும் கிணறு பழைய காலத்தது. சூளைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டியவர்கள் குடிக்கத் தோண்டிய கிணறு. பன்னிரண்டு மீட்டர் வரைக்கும் மனிதன் வெட்டியது. அதற்குக் கீழே பாறை தானாகவே வாயைத் திறந்துகொண்டு ஒரு குகையாக இறங்குகிறது. குகை முழுக்கத் தண்ணீர். டார்ச் அடித்துப் பார்த்தால் பச்சையாகத் தொடங்கிக் கறுப்பாகப் போய்விடும். குடிநீர் மோட்டார் மேலாக, பதினைந்து மீட்டரில்தான் தொங்குகிறது. அந்தத் தண்ணீர் அப்படி இனிக்கும். பண்டசோழநல்லூரிலிருந்து வந்து இங்கே பெண் எடுத்தவர்கள்கூட, விருந்துக்கு வந்தால் ஒரு கேன் பிடித்துக்கொண்டு போவார்கள்.

கிணற்றை ஒட்டி ஒரு குருசடி, சின்னக் கோயில். உள்ளே கோடி அற்புதர் அந்தோணியார், கையில் குழந்தை இயேசு.

மூன்று வருடத்துக்கு முன்னால் உஷாராணி என்கிற பெண் அந்தக் கிணற்றைத் தேடிக்கொண்டு வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண். முப்பது வயதிருக்கும். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். சுண்ணாம்புக் குகைக்குள் நிற்கிற தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது, முன்னொரு காலத்தில் அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது, அதுதான் அவளுடைய படிப்பு. அவள்தான் முதன்முதலில் கயிறு விட்டு ஆழம் பார்த்தாள். நாற்பத்தொரு மீட்டர்.

மாதம் ஒருமுறை தண்ணீர் எடுத்துவைக்க உள்ளூரில் ஆள் வேண்டும் என்றபோது அன்னாள் தலையாட்டினாள். மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட நைலான் கயிறு. அதன் நுனியில் கனமான ஒரு பாட்டில். வேண்டிய ஆழத்துக்கு இறக்கிவிட்டு வெடுக்கென்று இழுத்தால், அந்த ஆழத்துத் தண்ணீரை மட்டும் பிடித்து மூடிக்கொள்ளும். மேல்தண்ணீர் ஒரு பாட்டில், அடித்தண்ணீர் ஒரு பாட்டில். பேனா மாதிரி ஒரு மீட்டர் இருந்தது. அதை முக்கினால் எண் காட்டும். எண் ஏறினால் உப்பு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அன்னாள் நோட்டுப் போட்டு எழுதினாள். முதல் வருடம் மேலே எழுநூறு, அடியில் எண்ணூறு. அதற்குப் பிறகு மேல் எண் அப்படியே நிற்க, அடி எண் மட்டும் மாதா மாதம் ஏறியது. ஆயிரத்து இருநூறு, இரண்டாயிரம், மூவாயிரம். இந்த மே மாதத் தொடக்கத்தில் நாலாயிரத்து நூறு.

"கோச்சிக்காதீங்கக்கா, கடல் உள்ள வருதுன்னு நெனக்கிறேன்" என்றாள் உஷாராணி. அவளுக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது.

"கடலு பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி கீதும்மா."

"மண்ணுன்னா தடுக்கும். இது சுண்ணாம்புப் பாறை. உள்ள பொந்து பொந்தா போவும். கடல் தண்ணி கனம், அதனால அடியில வந்து நிக்கும். மேல நீங்க மோட்டார் போட்டு இழுக்க இழுக்க அது மேல ஏறும். ஒருநாளு குழாயிலயே வந்துடும். அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது."

குடிநீர் ஆபீசிலிருந்து அரங்கநாதன் என்கிற இன்ஜினீயர் வந்தார். நல்ல மனுஷர். பாகூர்ப் பக்கம் கடலோரத்தில் உப்பாகிப்போன கிணறுகளைக் கண்ணால் பார்த்தவர். நோட்டை இரண்டு தடவை புரட்டினார். "ஜூன் முப்பதோட இந்த மோட்டார நிறுத்திடலாம்மா. அப்பறம் லாரித் தண்ணி. மூணு நாளைக்கு ஒரு தடவ வரும். பைப் லைன் வர்றதுக்கு ரெண்டு வருஷம் ஆவும்" என்றார்.

அன்று மாலை செபமாலை சொல்லும்போது அன்னாளுக்கு எத்தனையாவது மணி என்பதே மூன்று தடவை மறந்துபோனது.

ஒரு விஷயம் உஷாராணிக்குத் தெரியாது, அரங்கநாதனுக்கும் தெரியாது. ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு உகந்த நாள். மரு, படை, கட்டி என்று தோலில் எது வந்தாலும் அந்த ஊரில் ஒரு நேர்ச்சை உண்டு. கல்லுப்பும் மிளகும் கை நிறைய எடுத்து, வியாதி உள்ள இடத்தை மூன்று சுற்றுச் சுற்றி, "உப்பு கரையற மாதிரி கரையட்டும் அந்தோணியாரே" என்று கிணற்றில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பதின்மூன்று செவ்வாய் போட வேண்டும். கடைசிச் செவ்வாய் ஜூன் பதின்மூன்று திருவிழாவை ஒட்டி வரும்படி பார்த்துக்கொள்வார்கள். முக்கியமான விதி ஒன்று உண்டு. நேர்ச்சையை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் பலிக்காது.

முன்பெல்லாம் செவ்வாய்க்கு நாலு பேர், ஐந்து பேர் போடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் முகத்து மரு விழுந்துவிட்டதென்று செல்போனில் வீடியோ போட்டார். அதிலிருந்து திருபுவனை, திருவாண்டார்கோயில் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் பைக்கில் வர ஆரம்பித்தார்கள். கைப்பிடி போய் பாக்கெட் ஆனது. ஒரு கிலோ, இரண்டு கிலோ. திரும்பிப் பார்க்காமல் போவதால் மற்றவர்கள் எவ்வளவு போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

இந்த வருடம் உப்புப் போட்டவர்களில் அன்னாளும் ஒருத்தி. மகள் ஜெசிந்தா மேரிக்கு இரண்டு புறங்கையிலும் மரு. நர்சரிப் பள்ளியில் டீச்சர் வேலை. போர்டில் எழுதும்போது பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று ஏப்ரல் மாத வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டாள். ஒரு தடவை எரித்தும் திரும்ப வந்துவிட்டது. திருவிழா முடிந்து பெண் பார்க்க வருவதாக ஒரு குடும்பம் சொல்லியிருந்தது. அன்னாள் ஒன்பது செவ்வாய் முடித்திருந்தாள். இன்னும் நாலு பாக்கி.

பத்தாவது செவ்வாய்க்கு முந்தின திங்கட்கிழமை. அரங்கநாதன் கெடு சொன்ன பிறகு உஷாராணி வாரா வாரம் அளக்கச் சொல்லியிருந்தாள். அன்னாள் கயிற்றை இறக்கினாள். முடிச்சு ஒவ்வொன்றாக விரல் வழியே போனது. நாற்பத்தோராவது முடிச்சில் கயிறு தளர்ந்தது. வெடுக்கென்று இழுத்து மேலே கொண்டுவந்தாள். கண்ணாடி பாட்டிலை வெயிலுக்கு நேராகப் பிடித்தாள்.

உள்ளே ஒரு மிளகு கிடந்தது.

ஊறிப் பெருத்து, தோல் சுருங்காமல், அடியில் உருண்டுகொண்டிருந்தது. அன்னாள் சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. அந்தோணியார் மட்டும் இருந்தார். பாட்டிலைத் திறந்து மிளகை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

கடலில் ஏது மிளகு?

அன்று பகல் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. புடவைத் தலைப்பில் மிளகை முடிந்து வைத்திருந்தாள். அடுக்களை அலமாரியில் நாளைக்குப் போட வேண்டிய உப்பு, சிறு துணியில் கட்டித் தயாராக இருந்தது. எல்லாரும் போடுகிற உப்புதான் அடியில் போய்த் தேங்குகிறது. அது கடல் இல்லை. இதைச் சொன்னால் கிணறு பிழைக்கலாம். ஆனால் வெறுமனே, 'ஊர்க்காரங்க உப்பு போடறாங்க' என்று சொன்னால் அந்தப் பெண் கேட்பாள்: 'யார் போடறாங்க? நீங்க பாத்தீங்களா?' பாக்கி எல்லாரும் இல்லை என்று சாதிப்பார்கள். 'நான் போட்டேன்' என்று ஒருத்தர் சொல்லியாக வேண்டும். சொன்னால் ஒன்பது செவ்வாயும் வீண்.

சாயங்காலம் சூசைநாதன் கம்பெனியில் பெட்டி கட்டும் வேலை முடிந்து வந்தார். அவரிடம் மட்டும் மிளகைக் காட்டினாள். ஏற்கெனவே வீட்டுக்குள் அவருக்குத் தெரிந்த நேர்ச்சைதான். புருஷனிடம் சொல்வது சொல்வதில் சேராது என்று அவள் நினைப்பு.

"நாலு வாரம்தானே கீது" என்றார் அவர். "முடிச்சிட்டு சொல்லேன்."

"நாலு வாரத்துல கூட்டம் இன்னா வரும் தெரியுமா? திருவிழா செவ்வாயிலயே வுழுது. மூட்டை மூட்டையா போடுவாங்க. அப்பறம் எண்ணு ஆறாயிரம் காட்டும். அந்த இன்ஜினீயரு ஜூன் முப்பதுக்குக் காத்திருக்க மாட்டாரு, அன்னிக்கே பூட்டு போடுவாரு."

"கொழந்த கைய பாத்தியா?"

"பாக்காமயா கீறேன்" என்றாள் அன்னாள். பிறகு அவள் எழுந்து செல்போனை எடுத்து உஷாராணியைக் கூப்பிட்டாள். குருசடி இருக்கும் திசையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "நான் ஒம்பது செவ்வா கெணத்துல உப்பு போட்டேம்மா. ஜெசி கைக்காக. என்ன மாதிரி நூறு பேரு போடறாங்க."

"மூணு வருஷமா ஏங்க்கா சொல்லல?" என்றாள் உஷாராணி.

"நேர்ச்சைய சொல்லக் கூடாதும்மா."

"இப்ப சொல்லிட்டீங்களே?"

"சொல்லிட்டேன்" என்றாள் அன்னாள்.

மறுநாள் காலையிலேயே உஷாராணி வந்துவிட்டாள். முகத்தில் சந்தோஷமும் இருந்தது, தன் மேலேயே கோபமும் இருந்தது. "உப்பக் கரைச்சா அது கனமாகி அடிக்குத்தான் போவும். கடல் வந்தாலும் அடியிலதான் நிக்கும். ரெண்டும் மீட்டர்ல ஒரே மாதிரி தெரியும். நான்தான் யோசிக்கல" என்றாள். பிரித்துக் காட்ட இரண்டு வழி இருந்தது. ஒன்று பரிசோதனைக்கூடத்தில். கடல் தண்ணீரில் உப்போடு கூட புரோமைடு என்று இன்னொரு சரக்கும் உண்டு. உப்பளத்தில் உப்பு கல்லாகப் படியும்போது அது சேராது, மிச்சமாகும் கசப்புத் தண்ணீரிலேயே நின்றுவிடும். "அப்ப கெணத்துக்கு வந்தது கடல்னா அது நெறய இருக்கணும். கடையில வாங்கின உப்புன்னா இருக்காது. ரிசல்ட் வர ஒரு மாசம் ஆவும். அதுக்குள்ள ரெண்டாவது வழி. அடித்தண்ணிய இறைச்சிட்டு, ஒரு கல்லு உப்பு கூட வுழாம பாத்துக்கணும். கடல்னா திரும்ப ஏறும். இல்லன்னா ஏறாது."

"ஒரு கல்லு கூட வுழாது" என்றாள் அன்னாள்.

அரங்கநாதன் போனில் கேட்டுக்கொண்டார். "நிரூபிச்சா எனக்கும் சந்தோஷம்தான். முப்பதாம் தேதி வரைக்கும்தான் டைம்" என்றார்.

அன்றுதான் பத்தாவது செவ்வாய். அன்னாள் கிணற்று வாயில் இருந்த இரும்புக் கிராதியின் மேல் கொசுவலையை இரண்டு மடிப்பாகப் போட்டுக் கட்டினாள். பக்கத்தில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி வைத்தாள். ஒரு சாக்கை வாய் திறந்து நிறுத்தினாள். பிறகு கிராதியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு மஞ்சுளா. கையில் பொட்டலம். "இன்னாக்கா, கெணத்து மேல குந்திக்கினு கீற? அட காக்கறியா?"

"ஆமாண்டி. நீ போடற உப்ப இதுல போடு. ஒரு சிட்டிகை அண்டாவுல, மீதி சாக்குல."

"அதெப்டி? கெணத்துல போட்டாதானே நேர்ச்ச? அண்டாவுல போட அந்தோணியார் இன்னா ரசமா வெக்கறாரு?"

சிரிப்பு எழுந்தது. அதற்குள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பைக் சாவியை ஆட்டியபடி ஓர் ஆள் வந்தான். திருபுவனையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற புகழ்வேந்தன். தோளில் ஐந்து கிலோ உப்பு மூட்டை. கழுத்தெல்லாம் படை.

"எம்மா, எழுந்துக்க. நைட் ஷிப்ட் முடிச்சி நேரா வரேன்."

"எழுந்துக்க மாட்டேன்பா."

"சாமிக்குப் போடற உப்ப நீ புடுங்கறியா? ஒனக்கு இன்னா ரைட்டு கீது?"

அன்னாள் கிராதியை விடாமல் பிடித்துக்கொண்டாள். "ஒனக்கு இன்னா நேர்ச்சன்னு நான் கேக்கலபா. என்னுத சொல்றேன், எல்லாரும் கேளுங்க. எம் பொண்ணுக்குக் கையில மரு. ஒம்பது செவ்வா போட்டேன். இன்னிக்குப் பத்தாவது. இதோ சொல்லிட்டேன். சொன்னா பலிக்காதுன்னு தெரிஞ்சிதான் சொல்றேன்." தலைப்பு முடிச்சை அவிழ்த்து மிளகைக் காட்டினாள். "இது நாப்பத்தோரு மீட்டர் அடியிலேர்ந்து வந்துது. நம்ம உப்புதான் அங்க நிக்குது. அத கடல்னு நெனச்சிக்கினு மோட்டார நிறுத்தப் போறாங்க. அப்பறம் லாரிக்கு நிக்கணும். நோயாளிக்கு ஒரு டம்ளர் தண்ணி வேணும்னாலும் மூணு நாளு."

மஞ்சுளா பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கள் நேர்ச்சையைச் சொல்லாமல் காப்பாற்றுகிறவர்கள் நடுவே ஒருத்தி தன்னுடையதை எல்லார் முன்னும் போட்டு உடைத்துவிட்டாள் என்பது எல்லாருக்கும் உறைத்தது.

"அந்த சாக்கு உப்பு எங்க போவும்?" என்றான் புகழ்வேந்தன்.

"பனித்திட்டுல எங்க சொந்தக்காரங்க கருவாடு போடறாங்க. அவங்க எடுத்துப்பாங்க."

"அப்ப என் படை கருவாடா திரும்பி வருமா?"

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை அவனும் சிரித்தான். ஒரு கைப்பிடி அண்டாவில் போட்டான், மூட்டையைச் சாக்கில் கவிழ்த்தான். திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்பதை மட்டும் விடவில்லை. நேராக நடந்து பைக்கில் ஏறிப் போய்விட்டான். மற்றவர்களும் அப்படியே போட்டார்கள். மஞ்சுளா மட்டும் முனகிக்கொண்டே போட்டாள்.

வியாழனும் வெள்ளியும் மோட்டார் மெக்கானிக் நாகராஜன் ஒரு சின்ன மோட்டாரை அடிவரைக்கும் இறக்கினான். "மெதுவா ஓட்டுண்ணா, மேல்தண்ணி கலங்கிடக் கூடாது" என்று உஷாராணி சொல்லிக்கொண்டே இருந்தாள். கரித்த தண்ணீரைக் குழாய் போட்டு எடுத்து, ஆபீஸ் அனுப்பிய டேங்கர் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். மிளகு மிளகாக வந்தது. உப்பு பாக்கெட் கவர்கள் வந்தன. மோட்டாரை மேலே இழுத்தபோது அதன் கூண்டில் ஒரு கல் மாட்டியிருந்தது. கேரட் மாதிரி நீளமாக, வெளுப்பாக, நுனி கூராக இருந்தது.

உஷாராணி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். "அக்கா, இது தண்ணிக்குள்ள வளராது. குகைக் கூரையிலேர்ந்து தண்ணி சொட்டி, காத்துல காய்ஞ்சி காய்ஞ்சி தொங்கறது. உடைஞ்ச எடத்துல பாருங்க, வளையம் வளையமா கீது."

"அப்ப கெணத்துக்குள்ள காத்து இருந்துதா?"

"எப்பவோ. பல ஆயிரம் வருஷம் முன்னாடி. அப்ப கடல் ரொம்ப தூரம் தள்ளி இருந்துது, நெலத்தடித் தண்ணியும் கீழ இருந்துது. இந்தக் குகை வெறும் குகையா கெடந்துது. அப்பறம் கடல் ஏறிச்சு, தண்ணியும் ஏறி இத முழுகடிச்சிச்சு. ஒவ்வொரு வளையத்துலயும் அந்தந்தக் காலத்துத் தண்ணி எப்டி இருந்துதுன்னு எழுதி வெச்ச மாதிரி இருக்கும். இத படிக்கத்தான் நான் வந்ததே."

அன்னாள் அந்த வளையங்களை விரலால் தடவினாள். ஆண்டவர் சொட்டுச் சொட்டாக எழுதியது. இரண்டே வருடத்தில் அதற்கு மேல் உப்பைக் கொட்டிவிட்டோமே என்று அவளுக்குப் பட்டது.

பதினோராவது செவ்வாயும் கிராதி மேல் உட்கார்ந்தாள். அடுத்த திங்கள் அளந்தபோது அடி எண் தொள்ளாயிரத்து ஐம்பது. நோட்டில் எழுதி, உஷாராணிக்குப் படம் பிடித்து அனுப்பினாள். பன்னிரண்டாவது செவ்வாயும் உட்கார்ந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஜெசி குடை கொண்டுவந்து பிடித்தாள். அதற்கும் அடுத்த திங்கள், அதாவது திருவிழாவுக்கு முந்தின நாள், பாட்டிலை மேலே எடுத்து மீட்டரை முக்கினாள்.

ஆயிரத்து நானூறு.

துடைத்து மறுபடி முக்கினாள். அதே எண். குருசடிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கடல்தானா? அத்தனை பேர் முன்னால் வாய் கிழியப் பேசியது வீணா? வலையைப் போய்ப் பார்த்தாள். ஓட்டை இல்லை. ஆனால் ஒரு மூலையில் முடிச்சு வேறு மாதிரி இருந்தது. அவள் எப்போதும் இரட்டை முடிச்சுப் போடுவாள். இது ஒற்றை முடிச்சு, வண்டியில் மூட்டை கட்டுகிறவர்கள் போடுவது. கம்பெனியில் அட்டைப் பெட்டி கட்டுகிறவர்களும் அப்படித்தான் போடுவார்கள்.

வீட்டுக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்தாள். போன வாரம் கழுத்து வரை நிரப்பியது. பாதிக்குக் கீழே கிடந்தது.

சூசைநாதன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும் வரை காத்திருந்தாள். "எத்தன செவ்வா போட்டீங்க?"

அவர் மறைக்கவில்லை. "ரெண்டு. விடிகாலம், பஸ்ஸுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி. நீ மோட்டார் ரூம்ல இருந்த."

"நான் அத்தன பேர் கால்ல வுழாத கொறையா நிக்கறேன். என் வூட்டு உப்பே உள்ள போவுது."

"நீ சொல்லிட்ட, ஒன்னுது போச்சு. நான் யார்கிட்டயும் சொல்லலியே. மீதிய நான் முடிச்சா அந்தோணியாரு ஏத்துக்குவாருன்னு நெனச்சேன்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மொத வாரம் ஒண்ணும் ஆவலியேன்னு ரெண்டாவது வாரம் ஜாஸ்தியா போட்டேன்."

அன்னாளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் கரைந்தும் போனது. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜெசி உள்ளே வந்தாள். "அப்பா, அம்மா, ரெண்டு பேரும் கேளுங்க. நான் ஆஸ்பத்திரில பேர் எழுதிக் கொடுத்துட்டேன். ஆறு மாசம் ஆவும், ஆனா போயிடும்னு டாக்டர் சொல்றாரு. பொண்ணு பாக்க வர்றவங்க கைய பாக்கட்டும். பாத்துட்டு வேணாம்னா போவட்டும்."

அன்னாள் உஷாராணிக்குப் போன் செய்து அந்த எண்ணையும் சொன்னாள், அது ஏன் ஏறியது என்பதையும் சொன்னாள். மறைத்திருக்கலாம். நோட்டில் தொள்ளாயிரம் என்று எழுதியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"இது கெட்ட சேதி இல்லக்கா" என்றாள் உஷாராணி. "எப்ப, எவ்ளோ போட்டாருன்னு தெரியுது. அதுக்குத் தகுந்த மாதிரி எண்ணு ஏறியிருக்குது. ஆனா நாளைக்கி ஒரு கல்லு வுழுந்தாலும் நான் அரங்கநாதன் சார்கிட்ட பேச முடியாது."

திருவிழா அன்று கூட்டம் சாலை வரைக்கும் நின்றது. பங்குச் சாமியார் பூசை முடித்து மைக்கை அன்னாளிடம் நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கிராதியில் போய் உட்கார்ந்தாள். அன்று லீவு போட்டிருந்த சூசைநாதன் வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றார். கையில் உப்பு. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நான் திருட்டுத்தனமா ரெண்டு வாரம் கெணத்துல போட்டேன். எம் பொண்டாட்டி கண்டுபுடிச்சிட்டா. நீங்க யாரும் மாட்டிக்காதீங்க, அவ விடமாட்டா" என்று சொல்லிவிட்டு ஒரு சிட்டிகையை அண்டாவில் போட்டார். மீதியைச் சாக்கில் போட்டார்.

"பாவம், வூட்ல இன்னா அடி வாங்கினாரோ" என்று மஞ்சுளா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். ஆனால் அடுத்ததாக வந்து அண்டாவில் போட்டவளும் அவள்தான். பகல் மூன்று மணிக்குள் பதினோரு சாக்கு நிறைந்தது. பனித்திட்டிலிருந்து வந்த மினி லாரி இரண்டு நடை அடித்தது. அன்னாள் சாப்பிட மட்டும் எழுந்தாள். அந்த நேரம் கிராதியில் புகழ்வேந்தன் உட்கார்ந்திருந்தான். அவனை உட்காரச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மறுநாள் நாகராஜன் மறுபடி மோட்டாரை அடிக்கு இறக்கி, சேர்ந்த கரிப்பை எடுத்தான். அதற்குப் பிறகு அன்னாள் தினமும் அளந்தாள். எண்ணூற்று எண்பது. எண்ணூற்று எழுபது. எண்ணூற்று எழுபது. இருபத்தேழாம் தேதி பரிசோதனைக்கூடத்துக் காகிதம் வந்தது. உஷாராணி அதை எடுத்துக்கொண்டு அரங்கநாதனோடு வந்தாள். கடலிலிருந்து வந்திருந்தால் இருக்க வேண்டிய புரோமைடு, இறைப்பதற்கு முன்னால் அவள் எடுத்துப்போன பழைய அடித்தண்ணீரில் கால் பங்குகூட இல்லை.

அரங்கநாதன் நோட்டைக் கேட்டு வாங்கினார். ஆயிரத்து நானூறு என்ற எண்ணுக்கு எதிரே அன்னாள் எழுதியிருந்ததைப் படித்தார்: 'என் வீட்டுக்காரர் உப்பு போட்டது. இரண்டு செவ்வாய்.'

"மோட்டார் ஓடட்டும்மா" என்றார். "கிராதிக்கு நல்ல மூடியா போட்டுத் தர்றேன். நீங்க வாரா வாரம் அளக்கறத மட்டும் நிறுத்தாதீங்க. நாளைக்கி உண்மையிலயே கடல் வந்தா, இந்த நோட்டுதான் மொதல்ல சொல்லும்."

"வந்தா சொல்றேன் சார்" என்றாள் அன்னாள்.

அந்த மிளகை நோட்டின் அதே பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தாள். உஷாராணி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அன்னாள் நோட்டை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தாள். பிறகு நேரம் பார்த்தாள். சாயங்காலத் தண்ணீருக்கு ஐந்து நிமிடம் தாமதம். தெருவில் குடங்கள் வரிசையில் நின்றன. மஞ்சுளாவின் குரல் மோட்டார் ரூம் வரைக்கும் கேட்டது. அன்னாள் சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள்.